மாசம் நூற்று ஐம்பத்தொன்பது

குவைத்திலிருந்து ஷாஜித் கேட்டிருந்தான்:
'புரோ, அந்த ஆப்பு காசுக்குத் தகுமா?'
உகரம் சேர்த்துத்தான் எழுதியிருந்தான்.
பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

நான் புரோ இல்லை.
அவன் கூட்டணியில் எட்டு மாதமாகப் படை நடத்தும் சூரை77
வேதாளை நண்டு கம்பெனியில் எடை எழுதும் ஜெசிந்தா
என்பது பெரியபட்டினத்துப் பையனுக்குத் தெரியாது.
அது வேறு கணக்கு.

சொல்கிறேன், ஷாஜித்.
இலவச ஆப்பில்
கோட்டை எரிந்து பதினைந்து நிமிடம் கழித்துச் சேதி வரும்,
நடுவில் ஒரு தலைவலித் தைல விளம்பரத்தோடு.
சாம்பலுக்கு எதற்குச் சேதி?
காசு கட்டினால்
எதிரிக் கப்பல் பாய் விரிக்கும்போதே ஃபோன் துடிக்கும்.
நின்ற இடத்தில் மதில் உயர்த்தலாம்,
சந்தையில் இரும்பு விற்கலாம்.
வள்ளங்கள் கரை தொட்டு ட்ரேக்கள் வரிசை கட்டும் காலையில்
ஒரு ட்ரேக்கும் அடுத்ததற்கும் நடுவே
எனக்குக் கிடைப்பது நாற்பது வினாடி.
என் ராஜ்ஜியம் அவ்வளவுதான்.

ஆனால் நண்டுத் தண்ணீரில் ஊறிய விரலை
ஃபோன் விரலென்று ஒப்புக்கொள்வதில்லை.
மூக்கு நுனியால் மதில் கட்டியிருக்கிறேன்.
அதைப் பார்த்துவிட்ட கிளாட்வின்
ஐஸ் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டான்.

ஆகஸ்டில் ஒரு நாள்
தராசு பன்னிரண்டு புள்ளி நான்கு என்றது,
தொடையில் ஃபோன் துடித்தது,
நான் பதினான்கு புள்ளி இரண்டு என்று எழுதினேன்.
நெய்னா அண்ணன் திட்டவில்லை.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.
ஒன்று புள்ளி எட்டு கிலோ, கிலோ நானூற்று இருபது.
சம்பளத்தில் எழுநூற்று ஐம்பத்தாறு போனது.
அந்த மாசம் ஆப்பின் விலை தொள்ளாயிரத்துப் பதினைந்து.
கோட்டை தப்பியது.
கூடுதல் காசு வாங்கிய வள்ளக்காரர் அந்தோணியடிமை
இன்றுவரை வாய் திறக்கவில்லை.

சந்தாவை நிறுத்தினேன்.
பதினோரு நாள்
துடிக்காத ஃபோன் தொடையில் துடித்துக்கொண்டே இருந்தது.
பன்னிரண்டாம் நாள் கட்டினேன்.
ஏன் என்று கேட்காதே.

ஐப்பசியில் பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
எந்த வள்ளமும் இறங்கவில்லை. கம்பெனி அடைப்பு.
அந்தக் கூண்டுக்கு இங்கே யாரும் சந்தா கட்டியதில்லை.
வீட்டுக் கம்ப்யூட்டரின் தூசு தட்டி
ரொம்ப நாள் கழித்து முழுத்திரையில் விளையாட்டைத் திறந்தேன்.

கோட்டையைச் சுற்றிக் கடல் இருந்தது, ஷாஜித்.
அலை அடித்தது.
நீர்க்காகம் ஒன்று மதில்மேல் சிறகு விரித்துக்
காயவைத்துக்கொண்டிருந்தது.
எட்டு மாதம் நான் ஆப்பில் பார்த்ததெல்லாம்
மரம் நாலாயிரத்து இருநூறு,
இரும்பு தொள்ளாயிரம்,
வீரர் அறுபத்தொன்று.
கடலை வெளியே நிறுத்திவிட்டுக்
கணக்கை மட்டும் கையில் கொடுக்கிற வேலை.
அதே வேலைக்குத்தான் வேதாளையில்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
அங்கே வாங்கி, இங்கே கட்டி,

இதை நினைத்து முடிப்பதற்குள் கரண்ட் போனது.
மண்டபத்தில் காற்று கிளம்பினால்
முதலில் போவது அதுதான்.
இருட்டில் ஃபோன் துடித்தது.
மூன்று கப்பல், வடகிழக்கு.
சார்ஜ் பதினெட்டு.
விரல் காய்ந்திருந்தது.
ஒரே தொடலில் மதில் ஏறியது.
ஜன்னல் கதவு அடித்துக்கொண்டதைக்கூட
பிறகுதான் எழுந்து சாத்தினேன்.

தகுமா என்றால், எனக்குத் தெரியவில்லை.
ஆப்பை அசைக்குமுன்
வால் எங்கே கிடக்கிறதென்று பார்த்துக்கொள்.
எப்படியும் வாங்கத்தான் போகிறாய்.
வருடச் சந்தா மட்டும் கட்டாதே.